ஒற்றை நாற்காலி: மேலவையில் புதுச்சேரியின் குரல்

பிரான்சின் மூன்றாம் குடியரசு தன் மேலவையை அமைத்தபோது நம் ஊருக்கும் அதில் ஒரு நாற்காலி போட்டது. 1875 பிப்ரவரி 24ஆம் தேதிச் சட்டம் அது. மொத்தம் 300 பேர் கொண்ட செனட்டில் மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், பிரெஞ்சிந்தியா ஆகிய நான்கு குடியேற்றங்களுக்கும் தலா ஓர் இடம். பரப்பில் நம்மைவிடப் பல மடங்கு பெரிய கொச்சின்சீனாவுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையைப் புரட்டினால் அதே எண்ணிக்கைதான் இன்றும் இருக்கிறது: தமிழ்நாட்டுக்கு 18, புதுச்சேரிக்கு 1.

பாரிசில் செனட் கூடிய லுக்சம்பூர் மாளிகையிலும் தில்லி மாநிலங்களவையிலும் அந்த ஒற்றை நாற்காலியில் அமர்ந்தவர்கள், ரேஷன் அரிசி, ஆலை வேலை, கல்லூரி இடம், உள்ளூர் நிர்வாகம் போன்ற நம் உள்விவகாரங்களுக்கு எந்த அளவு பயன்பட்டார்கள்? இந்தக் கேள்வியை ஆளுக்கு ஆள் மதிப்பெண் போட்டு முடித்துவிடப் பார்க்கிறோம். அவர் நன்றாகப் பேசினார், இவர் வாயே திறக்கவில்லை என்று. இத்தனை ஆண்டு வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் குறை ஆட்களோடு நின்றுவிடவில்லை என்பது தெரிகிறது. நம்மைப் பாதிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த அவைக்கு வராமலே எடுக்கப்படுகின்றன. வருகிற சிலவற்றில் நம் உறுப்பினர் பேசியது ஊருக்குத் திரும்பி வருவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் நாற்காலிக்கு எவ்வளவு திறமையானவரை அனுப்பினாலும் பலன் குறைவுதான்.

முதலில் பாரிஸ். 1876இல் பிரெஞ்சிந்தியாவின் முதல் செனட்டரானவர் தெபஸ்ஸான் தெ ரிஷ்மோன். அந்தக் குடும்பப் பெயர் இங்கே புதிதல்ல. 1827இல் புதுச்சேரியின் பொது நூலகம் (இன்றைய ரொமேன் ரோலன் நூலகம்) தொடங்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவரும் ஒரு தெபஸ்ஸான் தெ ரிஷ்மோன்தான். பிறகு 1891 முதல் 1909 வரை ழூல் கொதேன். 1898இல் பிரான்சின் அமைச்சரவையில் சில வாரங்கள் பொதுப்பணித் துறையையும் இவர் கவனித்தார். அவருக்குப் பின் 1909 முதல் 1920 வரை எத்தியேன் ஃப்ளாந்தேன். இவருடைய மகன் பியேர் எத்தியேன் ஃப்ளாந்தேன் 1934இல் பிரான்சின் பிரதமரானார். பெயர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். இவர்கள் பிரான்சின் பெரிய அரசியல்வாதிகள். புதுச்சேரி அவர்களுக்கு ஒரு தொகுதி, அவ்வளவுதான்.

ஃப்ளாந்தேனின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு செனட்டில் சிரியாவைப் பிரான்சின் பிடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாதாடிய அணியின் முன்னணியில் நின்றவர் அவர். 1915இல் சிரியா, பலஸ்தீனம் குறித்து அவர் தந்த அறிக்கையை மத்தியக் கிழக்கு வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம், சந்திரநாகூர் ஆகியவற்றின் பெயரால் அவைக்குள் நுழைந்தவர், அங்கே தன் பெயரைப் பதித்தது சிரியாவுக்காக. நம் நாற்காலி வேறொரு கனவுக்கு வாடகைக்குப் போயிருந்தது.

இவர்களை இங்கிருந்து அனுப்பியது யார்? செனட்டரைத் தேர்ந்தெடுத்தது பொதுமக்கள் அல்ல. மன்ற உறுப்பினர்களும் நகராட்சிகளின் பிரதிநிதிகளும் அடங்கிய சிறு குழு. 1879இல் பொது ஆலோசனை மன்றமும் 1880இல் கொம்யூன்களும் அமைந்தபின், யார் கையில் அந்த மன்றங்களோ அவர் கையில் செனட்டரும் என்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அந்தக் கை உள்ளூர் அரசியல் தலைவர் நாடு சண்முக வேலாயுத முதலியாருடையது. பாரிசில் இருந்தவருக்குப் பதவி வேண்டும். இங்கே இருந்தவருக்கு ஆளுநரை அடக்கிவைக்கப் பாரிசில் ஒரு வாய் வேண்டும். கொடுக்கல் வாங்கல் இருவருக்கும் ஒத்துப்போனது. கீழவைத் தேர்தலிலும் இதே கூத்துதான். 1914இல் பாரிசிலிருந்து வந்து போட்டியிட்ட பால் ரிஷார் தோற்றுப்போனார். அவரோடு வந்த மனைவி மிர்ரா பின்னாளில் இந்த ஊரில் ‘அன்னை’ ஆனார் என்பது அந்தத் தேர்தல் நமக்கு விட்டுச் சென்ற எதிர்பாராத பலன்.

இவர்கள் மனம்வைத்திருந்தாலும்கூட நம் உள்விவகாரங்களில் செனட்டில் பேசுவதற்கான வாய்ப்பு குறைவாகவே இருந்தது. குடியேற்றங்களைப் பிரான்ஸ் சட்டத்தால் ஆளவில்லை, ஆணையால் ஆண்டது. புதுச்சேரியின் சமூக வாழ்வைப் புரட்டிப்போட்ட இரண்டு முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தச் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்த 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஏற்பாடு ஓர் ஆணை. ஐரோப்பியர், துறந்தவர்களான ரெனோன்சான்கள், மற்ற இந்தியர் என வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்த 1884ஆம் ஆண்டு ஏற்பாடும் ஓர் ஆணை. இரண்டும் செனட்டின் வாக்கெடுப்புக்கு உரிய சட்டங்களாக வரவில்லை. ஊரின் தலையெழுத்து அமைச்சரின் மேசையில் எழுதப்பட்டது; செனட்டர் வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார்.

இந்த நாற்காலிக்கு உள்ளூர் மண்ணின் வாசம் வந்தது 1947இல். நான்காம் குடியரசில் செனட்டுக்குப் பதிலாகக் குடியரசு மன்றம் என்ற மேலவை அமைந்தபோது, அதில் பிரெஞ்சிந்தியாவின் பெயரால் வ. சுப்பையா அமர்ந்தார். ‘சுதந்திரம்’ இதழை நடத்தியவர். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவல்படையின் துப்பாக்கிச் சூட்டில் 12 ஆலைத் தொழிலாளர்கள் மாண்டபோது அந்தத் தொழிலாளர்களின் தலைவர். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை உரிமை இங்கே சட்டமானது. சுப்பையாவைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எட்டு மணி நேர வேலையை அவர் வென்றது செனட்டராக அல்ல, ஆலை வாசலில். மேலவைக்கு அவர் போனது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. வாசலில் திரண்ட ஆட்களின் பலம்தான் பின்னால் அவையில் ஒரு பேச்சுக்கு எடை தருகிறது. வெறும் நாற்காலி தானாக எடை தராது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. ஆனால் 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடியும்வரை இந்த ஊருக்கு இந்திய நாடாளுமன்றத்தில் இடம் கிடையாது. பாரிசின் நாற்காலி போய்விட்டது, தில்லியின் நாற்காலி வரவில்லை. அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் அந்த இடத்தைத் தந்தது, 1963இல் பி. ஆப்ரகாம் முதல் மாநிலங்களவை உறுப்பினராகச் சென்றார். அவருக்குப் பின் 1969இல் எஸ். சிவப்பிரகாசம், 1977இல் வி.பி.எம். சாமி, 1985இலும் 1991இலும் வி. நாராயணசாமி, 1997இல் சி.பி. திருநாவுக்கரசு, 2003இல் மீண்டும் நாராயணசாமி, 2009இல் ப. கண்ணன், 2015இல் கோகுலகிருஷ்ணன், 2021இல் செல்வகணபதி. காங்கிரஸ், திமுக, அதிமுக, பாஜக என்று நான்கு கொடிகளும் அந்த நாற்காலியில் பறந்துவிட்டன. பெண் ஒருவர்கூட இதுவரை அதில் அமரவில்லை.

இந்த ஆண்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஓர் உறுப்பினரின் காலம் ஆறாண்டு; ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே வந்தால் கணக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது. சிவப்பிரகாசத்தின் காலம் 1975இல் முடிந்தது. சாமி வந்தது 1977இல். சாமியின் காலம் 1983இல் முடிந்தது. நாராயணசாமி வந்தது 1985இல். நடுவில் யாருமில்லை. காரணம் எளிது. புதுச்சேரியின் மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது சட்டப்பேரவையின் 30 தேர்வான உறுப்பினர்கள். பேரவை கலைக்கப்பட்டால் வாக்காளர்களே இல்லை. 1974 மார்ச் முதல் 1977 ஜூலை வரையும், 1983 ஜூன் முதல் 1985 மார்ச் வரையும் இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி.

அந்த இடைவெளிகளில் மாநிலங்களவையில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. 1976 நவம்பரில், நெருக்கடி நிலையின் நடுவே, அரசியலமைப்பையே திருத்தி எழுதிய நாற்பத்திரண்டாம் திருத்தம் அங்கே நிறைவேறியது. 1985 ஜனவரியில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நிறைவேறியது. கட்சித் தாவலால் புதுச்சேரி அளவுக்கு ஆட்சிகளை இழந்து தவித்த பேரவைகள் நாட்டில் குறைவு; 1974 மார்ச்சில் ஓர் ஆட்சி மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் நிலைத்தது. அந்த நோய்க்கு மருந்து வாக்கெடுப்புக்கு வந்த நாளில் மேலவையில் நோயாளியின் நாற்காலி காலி. உள்ளூரில் பேரவை இல்லாத காலத்தில்தான் தில்லியில் ஒரு குரல் மிகவும் தேவைப்படுகிறது. சரியாக அப்போதுதான் அந்தக் குரலைத் தேர்ந்தெடுக்கும் வழியும் அடைபடுகிறது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் இந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்து, மார்ச்சில் புதுச்சேரியின் இடைக்கால வரவு செலவுக் கணக்கு நாடாளுமன்றத்துக்குப் போனபோது நாற்காலியில் ஆள் இருந்தார். அவர் காலம் அந்த அக்டோபர் வரை நீடித்தது நம் நல்லகாலம், அவ்வளவே.

சரி, ஆள் இருக்கும்போது என்ன நடக்கிறது? அவையில் விவாத நேரம் ஊர்களுக்குப் பிரித்துத் தரப்படுவதில்லை, கட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. தமிழ்நாட்டின் 18 பேரில் நாலைந்து பேர் எந்த விவாதத்திலும் பேச வாய்ப்பு உண்டு. நம்மவர் தன் கட்சியின் நேரத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் துண்டிலும் கட்சியின் நிலைப்பாட்டைத்தான் பேச வேண்டும். மிச்சமிருப்பவை கேள்வி, பூஜ்ய நேரம், சிறப்புக் குறிப்பு, வெள்ளிக்கிழமைப் பிற்பகலின் தனிநபர் மசோதா. பூஜ்ய நேரத்தில் மூன்று நிமிடம். தமிழ் பேசும் புதுச்சேரி, காரைக்கால், மலையாள மாஹே, தெலுங்கு யானம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் அந்த மூன்று நிமிடம்தான். 2011 கணக்கெடுப்பின்படி 12,47,953 பேர்.

நம் ஊரைப் பற்றி நாடாளுமன்றத்தில் வந்த சட்டங்களை வரிசைப்படுத்தினால் ஒரு வடிவம் தெரிகிறது. 1980இல் ஆரோவில் நெருக்கடிகால ஏற்பாட்டுச் சட்டம், 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம், 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகச் சட்டம், 2006இல் பாண்டிச்சேரி என்ற பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிய சட்டம், 2008இல் ஜிப்மரைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கிய சட்டம், 2023இல் பேரவையில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் திருத்தம். பெரும்பாலும் தில்லி நேரடியாக நடத்தும் நிறுவனங்கள்; அல்லது நாடு முழுமைக்கும் செய்த ஏற்பாட்டின் நீட்சி. இவற்றில் ஜிப்மர் சட்டம்தான் ஊரை நேராகத் தொட்டது. சிகிச்சைக்குக் கட்டணம் வருமா, உள்ளூர் மாணவர் இடம் குறையுமா என்ற அச்சத்தில் இங்கே போராட்டங்கள் நடந்தன. அப்போது நம் மாநிலங்களவை உறுப்பினரான நாராயணசாமி அதே ஆண்டு ஒன்றிய இணையமைச்சராகவும் ஆனார். அமைச்சர் பதவி ஊருக்கு நெருக்கமான கதவைத் திறந்தது. அதே வேளையில் அரசிடம் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஒருவர் மட்டுமே உள்ள ஊருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

2011 டிசம்பர் 29ஆம் தேதி நள்ளிரவைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மாநிலங்களவையில் லோக்பால் மசோதா மீது பதில் சொல்லிக்கொண்டிருந்த அமைச்சர் நாராயணசாமியின் கையிலிருந்த தாளைப் பிடுங்கி ஓர் உறுப்பினர் கிழித்தெறிந்தார். அப்போது நாராயணசாமி மக்களவை உறுப்பினர். புதுச்சேரிக்காரர் ஒருவர் அந்த அவையில் நாடறிய நின்ற நேரம் அதுதான். பேசிய பொருள் இந்தியா முழுமைக்குமானது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. லோக்பால் 2013இல் நிறைவேறியபோதும் அதை அவையில் நடத்திச் சென்றதில் அவர் பங்கு உண்டு. ஆனால் புதுச்சேரியின் சொந்தப் பொருள் அந்த வெளிச்சத்துக்கு ஒருநாளும் வரவில்லை என்பதும் உண்மை.

வராததற்குக் காரணம் மறுபடியும் ஆணையாட்சிதான். 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை நாட்டிலேயே முதலில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. அதற்கு வழிவகுத்தது நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய புதிய சட்டம் அல்ல, ஒன்றிய அரசு வகுத்த விதி. அரிசியா பணமா என்று ஆண்டுக்கணக்கில் முதலமைச்சரும் துணைநிலை ஆளுநரும் மோதினார்கள். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 1881க்கும் 2015க்கும் நடுவே கொடி மாறியிருக்கிறது, அரசியலமைப்பு மாறியிருக்கிறது, ஆனால் நம் அடுப்பை எட்டும் முடிவு அவைக்கு வெளியே எழுதப்படுவது மாறவில்லை. 2020 மே மாதம் ஒன்றியப் பிரதேசங்களின் மின்துறையைத் தனியாரிடம் விடுவதாக வந்த அறிவிப்பும் அப்படியே. நிதியிலும் இந்த அரைகுறை நிலைதான்: ஜிஎஸ்டி மன்றத்தில் நமக்கு இடமுண்டு, ஆனால் மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பங்கிடும் நிதி ஆணையத்தின் வரம்பில் நாம் இல்லை. மாநிலத் தகுதி கேட்டுப் பேரவை மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டு அனுப்புகிறது. கட்சி வேறுபாடின்றி எல்லாரும் கையுயர்த்தும் ஒரே பொருள் அது.

ஒற்றை உறுப்பினரால் இதில் என்னதான் முடியும் என்று கேட்பவர்களுக்கு வெளியே பார்க்கச் சொல்வேன். அயர்லாந்தின் மேலவையான ஷானாத் 60 பேர் கொண்டது, அதிகாரம் குறைந்தது. ஒரு மசோதாவை 90 நாள் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. நம் மாநிலங்களவைக்கு 12 பேரை நியமிக்கும் முறையை நாம் எடுத்துக்கொண்டதும் அந்நாட்டு அரசியலமைப்பிலிருந்துதான். அங்கே 1971இல் மேரி ராபின்சன் என்ற இளம் செனட்டர், கருத்தடைச் சாதனங்கள் மீதிருந்த தடையைத் தளர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். முதல் வாசிப்புக்கே அனுமதி மறுத்தார்கள். ஆனால் 1979இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1990இல் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரும் ஆனார். 2013இல் ஷானாத்தைக் கலைத்துவிடலாமா என்று மக்களிடமே கேட்டபோது, 51.7 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லி அதைக் காப்பாற்றினார்கள். பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால் திருச்சி சிவா. 2015 ஏப்ரல் 24 அன்று திருநர் உரிமைக்கான அவருடைய தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஏற்றது. தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970இல் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். சிவாவின் மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதாவோடு வர வேண்டியிருந்தது, 2019இல் அது சட்டமானது. தோற்றுப்போன மசோதாவும் வேலை செய்யும்.

புதுச்சேரிக்கான மசோதாக்கள் எவை என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பேரவை இல்லாத காலத்திலும் மாநிலங்களவை இடம் காலியாகாமல் இருக்க ஒரு திருத்தம். ஒன்றியப் பிரதேசத்துக்கென ஒன்றிய அரசு வகுக்கும் விதிகளைப் பேரவையின் கருத்தைக் கேட்டபின்பே நடைமுறைப்படுத்தச் சொல்லும் ஒரு திருத்தம். பேரவையின் நியமன உறுப்பினர்கள் குறித்த விதியில் ஒரு திருத்தம்: மூன்று பேரை உள்ளூர் அரசைக் கேட்காமலே ஒன்றிய அரசு நியமிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இனி அதை மாற்ற நாடாளுமன்றம் ஒன்றுதான் வழி. அந்த வழக்கின் நடுவே இருந்த மூன்று நியமன உறுப்பினர்களில் ஒருவர்தான் இன்றைய மாநிலங்களவை உறுப்பினர் செல்வகணபதி. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த மூன்றையும் கொண்டுவரலாம். தோற்கும். தோற்ற பிறகும் அவைப் பதிவில் நிற்கும்.

பதிவு என்றதும் இந்த ஊரின் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதினார். ஆளுநர் மாளிகையில் யார் என்ன சொன்னார்கள், யார் எதற்கு மௌனமாக இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கிறது. இன்று நம் உறுப்பினர் தில்லியில் பேசியதைத் தமிழில் படிக்கப் புதுச்சேரிக்காரருக்கு ஓர் ஏடு இல்லை. கேள்விக்கு அமைச்சர் தந்த பதில் காரைக்கால் விவசாயிக்கும் மூடிக் கிடக்கும் ஏஎஃப்டி ஆலையின் பழைய தொழிலாளிக்கும் போய்ச் சேருவதில்லை. சேராததால் அடுத்த கேள்வி எழுவதில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் நம் மாநிலங்களவை உறுப்பினரின் கேள்விகளையும் பேச்சுகளையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் அச்சிட்டுச் சட்டப்பேரவையின் மேசையில் வைக்க வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் நூலகங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். இதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை. பேரவைத் தலைவர் நினைத்தால் போதும்.

இப்போதைய உறுப்பினரின் ஆறாண்டுக் காலம் 2027 அக்டோபரில் முடிகிறது. அடுத்தவரை அப்போது பேரவையில் இருக்கும் 30 பேர் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அந்த முப்பதில் ஒருவர். மாநிலங்களவைக்குப் போகிறவர் முதல் ஆண்டிலேயே எந்த மசோதாவைக் கொண்டுவருவார் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே வாக்களியுங்கள் என்று அவரிடம் இப்போதே சொல்லுங்கள்.